ஜீப்புக்காரனோடு இரண்டு நாள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கு மூன்று வண்டி பார்த்தேன். மூன்றுக்கும் குறுக்கே நாய் வந்திருக்கிறது.

அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் கொடுக்கிற சர்வேயர் வேலையில் என் தலைமுடி பாதி போய்விட்டது. இதுவரை ஒருத்தராவது "தூங்கிட்டேன் சார்" என்றோ "போனைப் பாத்துட்டிருந்தேன் சார்" என்றோ சொன்னதில்லை. நாய்தான். நாய்க்கு வழியில்லாத இடத்தில் மாடு. ஒரு மகானுபாவர் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் மூன்றாவது மாடி பார்க்கிங்கில் தூணில் மோதிவிட்டு மாடு வந்தது என்றார். லிஃப்டில் வந்ததா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எங்கள் அபார்ட்மென்ட் வாசலை மறைத்துக்கொண்டு ஒரு ஜீப். டயர் என் இடுப்பு உயரம். கூரைமேல் மடித்துவைத்த கூடாரம். முன் பம்பரில் கயிறு சுற்றிய வின்ச் – எங்காவது மாட்டிக்கொண்டால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள. பக்கவாட்டில் கூரைவரைக்கும் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய். தண்ணீருக்குள் போனாலும் இன்ஜின் மூச்சுவிட வேண்டுமாம். எதற்குத் தண்ணீருக்குள் போக வேண்டும்? ரோடு எதற்குப் போட்டிருக்கிறார்கள்?

யாரோ கிளெய்முக்காக வீட்டுக்கே வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கதவு திறந்தது. மகள் இறங்கினாள். இறங்கினாள் என்ன, குதித்தாள்.

"அப்பா, இவர்தான்."

இவர்தான் என்றால்? எந்த 'தான்'?

பிப்ரவரி 4

அந்தத் 'தான்'தான்.

இவளுக்கு ஆறு மாசமாகத் தெரியுமாம். கட்டின பெண்டாட்டி. ஆறு மாசம் என் எதிரில் உட்கார்ந்து இட்ட சோற்றைக் குறை சொல்லாமல் சாப்பிடு என்று அதிகாரம் பண்ணியவள், இதைப் பற்றி மூச்சு விடவில்லை. "சொன்னா நீங்க குதிப்பீங்க" என்கிறாள். இப்போது மட்டும் என்ன, படுத்துக்கொண்டா இருக்கிறேன்?

பையனுக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை; கட்டிடம் கட்டிடமாகப் போய் லிஃப்ட்டைச் சரிபார்ப்பது. நம் வீட்டுப் பெண் கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கிறவள். அந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் பார்த்துக்கொண்டார்களாம். படியேறிப் போயிருக்கலாம்.

மகள் நேராகவே பேசினாள். "நீங்க வேண்டாம்னா விட்டுடறேன்னு பொய் சொல்ல மாட்டேன்பா. ஆனா நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிற கல்யாணம் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு தடவை எங்ககூட காட்டுக்கு வாங்க. வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

என்னத்தைச் சொல்ல? எனக்குப் பயம். அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? நசுங்கின வண்டியைப் பார்க்கப் போனால் டிரைவர் சீட்டை நான் முதலில் பார்ப்பதில்லை. பக்கத்து சீட்டைத்தான் பார்ப்பேன். அங்கேதான் எப்போதும் ஒரு செருப்போ கைப்பையோ கிடக்கும். இனி அந்த சீட்டில் என் பெண் உட்காரப் போகிறாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஜீப்புக்காரன் மதியம் சாப்பிட வந்தான். அவன் கை கழுவப் போன நேரம் பார்த்து டார்ச்சோடு கீழே போய் வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒரு போல்ட்டாவது துரு பிடித்திருக்க வேண்டாமா? ஒரு ஒயராவது தொங்க வேண்டாமா?

"பின் ஆக்சில் பக்கம் இன்னும் நல்லாத் தெரியும் சார், லைட் தரட்டுமா?" என்று குரல். பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறான்.

படுத்தபடியே கெத்தை விடாமல் கேட்டேன். "இந்த எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் எல்லாம் இன்சூரன்ஸ்ல சொல்லியிருக்கியா தம்பி?"

"எல்லாம் சொல்லிட்டேன் சார். ஆர்.டி.ஓ. அனுமதியும் வாங்கியாச்சு."

சப்பென்று ஆகிவிட்டது. இப்படி ஒரு ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை. சட்டை முதுகெல்லாம் கிரீஸ். இவள் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, அது இன்னும் மோசம்.

பிப்ரவரி 15

மழை என்று ஜீப்பை எங்கள் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குள் விடச் சொன்னாள் மகள். கூரை இடித்தது. நான்கு டயரிலும் காற்றை இறக்கி வண்டியைக் குள்ளமாக்கி நுழைத்தான். மாடி ஜன்னல் எல்லாவற்றிலும் தலை. நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்ததை அசோசியேஷன் செக்ரட்டரிதான் சொன்னார்.

பிப்ரவரி 27

நாளைக்குக் கிளம்புகிறோம். இவள் வரமாட்டாளாம், மூட்டுவலியாம். நேற்று பஸ்ஸைப் பிடிக்க ஓடின மூட்டு!

ஒரே ஒரு அசட்டுத்தனம் கண்ணில் பட்டால் போதும். கையும் களவுமாகப் பிடித்து, "பாத்தியாம்மா?" என்று கேட்டுவிடலாம். என் வேலையே அதுதானே.

பிப்ரவரி 28, சனி

கூடாரத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் போவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

இவன் முரட்டுத்தனமாக ஓட்டுவான் என்று பயந்து வந்தேன். இவன் ஓட்டவே மாட்டேன் என்கிறான்!

தார் ரோடு முடிந்த இடத்தில் நிறுத்தினான். டயர்களில் காற்றைக் குறைத்தான். அப்போதுதான் கல்லையும் மண்ணையும் கவ்விப் பிடிக்குமாம். ஒவ்வொரு டயருக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தான். பிறகு மறுபடி பார்த்தான். காட்டுப்பாதையில் ஒரு பெரிய கல் வந்தால் இறங்குகிறான். கல்லைச் சுற்றி நடக்கிறான். குனிந்து பார்க்கிறான். கத்தரிக்காய் பொறுக்குகிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான். மகள் முன்னால் போய் நின்று கையால் இடது, வலது, நில் என்று காட்டுகிறாள். அவள் கையை விட்டு அவன் கண் நகரவில்லை. வண்டி நத்தையாக ஏறி இறங்குகிறது. அடுத்த கல். மறுபடி இறங்குகிறான்.

ஒரு குட்டை வந்தது. தவளை உட்கார்ந்தால் முதுகு நனையாது. அதற்கும் கம்பு ஊன்றிப் பார்த்தான்.

"தம்பி, இதைத் தாண்டிக் குதிச்சிடலாம்பா."

"அடியில என்ன இருக்குன்னு தெரியாதே சார்."

சைக்கிளில் வந்திருந்தால் இந்நேரம் திரும்பிப் போயிருப்பேன். நான் சமதரையில் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். லோ கியர் எப்படிப் போடுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். நன்றாகவே ஓட்டினேன். அவனைவிட வேகமாக.

கூடாரம் வண்டியின் கூரைமேல். ஏணியில் ஏறும்போது மகள் கீழே நின்று கையால் இடது, வலது, நில் என்று எனக்கும் காட்டினாள். கொழுப்பு.

ஆனால் ரொட்டியும் முட்டையும் போட்டுக்கொடுத்த விதம் பரவாயில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அதையும் இரண்டு தடவை பார்த்தான்.

மார்ச் 1, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா?

எழுதுகிறேன்.

காலையில் ஒரு ஆறு குறுக்கிட்டது. அகலம் அதிகமில்லை. ஜீப்புக்காரன் வழக்கம்போல் நிறுத்தினான். பேன்ட்டை மடித்துக்கொண்டு கம்போடு தண்ணீருக்குள் இறங்கினான். ஓர் அடி வைப்பது, குத்திப் பார்ப்பது, யோசிப்பது. மகள் பின்னாலேயே போய் வழி நெடுக குச்சி நட்டுக்கொண்டு வந்தாள். குச்சி வரிசை நேராகப் போனாலும் பரவாயில்லை. தண்ணீர் சலசலவென்று கல்லில் மோதி நுரைக்கிற பக்கமாகப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போகிறது! இந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி அமைதியான தண்ணீர் இருக்கிறது. எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது.

இரண்டு பேரும் அக்கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாவி வண்டியில் இருந்தது.

அவனுக்குத் திரும்பி வருகிற சிரமம் மிச்சம் என்று நினைத்தேன். உண்மையாக அப்படித்தான் நினைத்தேன்... இல்லை. எப்படி ஓட்டுவது என்று அவனுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

லோ கியர் போட்டேன். அமைதியான பக்கமாக நேராக விட்டேன்.

சலசலக்கிற இடத்தில்தான் கல் மேலாக இருக்குமாம், ஆழம் இருக்காதாம். சத்தமில்லாத இடம்தான் பள்ளமாம். இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. முன்சக்கரம் ஒன்று பொசுக்கென்று இறங்கியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் கதவிடுக்கில் புகுந்து சீட்டுக்கு வந்தது. "அப்பா!" என்று மகள் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றக் கை வரவில்லை.

அவன் மார்பளவு தண்ணீரில் வந்துவிட்டான். கத்தவில்லை. "பெல்ட்டை இப்பக் கழட்டாதீங்க சார். நான் உங்களைப் பிடிச்சதும் கழட்டுங்க. ம்... இப்ப." குழந்தையைத் தூக்குகிற மாதிரி என்னை ஜன்னல் வழியாக வெளியே எடுத்தான். என் எடை என்ன என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் வின்ச் கயிறு, ஒரு மரம், மரப்பட்டை வலிக்காமலிருக்க அதற்கு ஒரு அகலப் பட்டை. வண்டி அங்குலம் அங்குலமாக ஏறி வந்தது. மகள் என்னோடு பேசவில்லை. துண்டை மட்டும் என் தலையில் போட்டாள்.

மலை இறங்கி சிக்னல் வந்த இடத்தில் இவள் போன். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏன் இவ்வளவு லேட்? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை. வண்டி லேசா ஆத்துல இறங்கிடுச்சு. திடீர்னு... ஒரு மாடு குறுக்கே வந்துடுச்சு."

என் வாய்தான் சொன்னது. நானே கேட்டேன்.

"ஆத்துக்குள்ளயா?" என்றாள் இவள். பின் சீட்டில் மகள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். "தம்பி, நீங்க சொல்லுங்க" என்று போனில் இவள் குரல்.

நான் அவனைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. மாமனாராகப் போகிறவனைக் கைக்குள் போட்டுக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் எவனுக்குக் கிடைக்கும்?

"மாடு எதுவும் வரலைங்கம்மா. சார் இறங்கிப் பாக்காம விட்டுட்டார். சாவியை வண்டியிலயே விட்டுட்டுப் போனது என் தப்பு."

மார்ச் 2

ஒரு மாடு. ஒரே ஒரு மாட்டை ஒத்துக்கொண்டால் குடியா முழுகிவிடும்?

மார்ச் 3

வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு மீன் இருந்ததாம். பக்கெட்டில் போட்டு எடுத்துப் போய் ஏரியில் விட்டுவிட்டு வந்தானாம். இவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். மகள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே காப்பி வைத்துவிட்டுப் போகிறாள். என் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

இன்றைக்கு ஒரு கார். முன்பக்கம் முழுசும் போச்சு. "நாய் சார்" என்று ஆரம்பித்தார். நான் பேனாவை மூடிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சார் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

எத்தனை வருஷம்! நடந்ததை நடந்தபடி என் காதுபடச் சொன்னவன் ஒரே ஒருத்தன். அதுவும் அவன் கல்யாணமே என் கையில் இருக்கும்போது, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. தன் பங்குத் தப்பையும் சேர்த்துச் சொன்னான்.

நாளைக்கு என் பெண்ணுக்கு ஒன்று என்றால் – ஒரு காய்ச்சலோ, ஒரு சண்டையோ, என்னவோ – இவன் போன் பண்ணுவான். மாடு வந்தது என்று சொல்ல மாட்டான். என்ன நடந்ததோ அதைச் சொல்வான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது, வயசாகிறது.

மகளின் அறைக் கதவைத் தட்டினேன். "சரிம்மா" என்றேன்.

"எதுக்கு சரி?"

"எல்லாத்துக்கும்தான். என்னை ஏன் சோதிக்கறே?"

ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்புறம்தான் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவர்கள் வீட்டில் இன்னும் சரி சொல்லவில்லையாம். அவன் அம்மா என்னைப் பார்த்த பிறகுதான் சொல்வாராம்.

என்னையா?

மார்ச் 15, ஞாயிறு

அவர்கள் வீட்டுக்குப் போனோம். சின்ன ஹால், துடைத்துவைத்த மாதிரி. அவனுடைய அப்பா சாது. அம்மா பஸ் டிப்போவில் கண்ட்ரோலராக இருந்து ரிட்டையர் ஆனவர். டிரைவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட பார்வை இன்னும் போகவில்லை. நான் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. அந்தம்மா தம்ளரைக் கீழே வைத்தார்.

"வண்டி ஆத்துல இறங்கிடுச்சாமே. எப்படின்னு கேட்டா, சார்தான் சொல்லணும்னுட்டான் இவன். எப்படிங்க?"

இவள் என் முழங்கைப் பக்கம் பார்க்கிறாள், இடிப்பதற்கு. மகள் சமையலறை வாசலில் நிற்கிறாள், முகத்தில் ஈயாடவில்லை. அவன் தரையைப் பார்க்கிறான். எனக்கு உதவி பண்ணவும் இல்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் சொல்லப்போகிற பதிலில்தான் என் பெண்ணின் கல்யாணம் நிற்கிறது என்று தெரிந்துபோயிற்று.

"நான்தாங்க ஓட்டினேன்" என்றேன். "உங்க பையன் வழி பாத்து, குச்சி நட்டு வெச்சிருந்தார். எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நினைப்பு. இறங்கிப் பாக்கலை."

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருப்பேன்! பிறகு பிஸ்கட் தட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"அடுத்த தடவை நாங்களும் வர்றோம் சம்பந்தி" என்றார். "ஆனா நீங்க பின்னாடி சீட்ல உக்காந்துக்கணும்."

சம்பந்தி என்றார். வாசலில் மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பின்னாடி சீட்டே போதுங்க என்று சொல்லிவிட்டேன்.