ஃபைல் என்றால் அரம்

அன்பு மகள் ஜுவேரியாவுக்கு உன் அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். தி. நகரில் அத்தாவும் நானும் நலம், ஜெர்மனிக் குளிரில் உன்னையும் அல்லாஹ் நலமாக வைக்கட்டும். நலமில்லாதது ஒன்றுதான், நேற்று போனில் அரைகுறையாகச் சொன்ன அதை முதலிலேயே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் சேர்ந்த உன் தங்கை ரூபீனாவை மூன்று வாரம் கருவியைத் தொடவிடாமல், பையன்களுக்கு ரெக்கார்டு நோட்டு எழுத வைத்திருக்கிறார்கள். இது அநியாயம். யார் என்ன சமாதானம் சொன்னாலும் அநியாயம்தான்.

முதல் ஒர்க்‌ஷாப் வகுப்பில் கதிரேசன் என்ற வாத்தியார் இவளிடம் ஒரு ஃபைல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழில் படித்த பிள்ளை, மூன்று மாடி ஏறி, ஆபீஸில் கெஞ்சி, நாடா கட்டிய காகித ஃபைலை வாங்கி வந்து நீட்டியிருக்கிறாள். அவர் கேட்டது அரம். நம் தையல் மெஷின் ரிப்பேர் கடையில் ஐந்தாம் வகுப்பிலிருந்து அவள் பிடித்த அதே அரம்! வகுப்பே சிரித்து ‘ஃபைலு’ என்று பேர் வைத்துவிட்டது. ‘உனக்கு மெஷின்லாம் எதுக்கும்மா, கையெழுத்து முத்து முத்தா கீது, இவனுங்களுக்கு ரெக்கார்டு எழுதிக் குடு’ என்றாராம் வாத்தியார். நான்கு பேருக்கு எழுதியிருக்கிறாள். போன ஞாயிறு மத்தியானம் பிரியாணித் தட்டைத் தள்ளிவிட்டு, ‘நான் பி.காம். போறேம்மா’ என்று அழுதாள். பிரியாணியைத் தள்ளுகிற பிள்ளையா அவள்? அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் தெரிந்தது.

மறுநாள் கடையைப் பூட்டி, பெரிய அரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு திருப்போரூர் பஸ் ஏறிவிட்டேன். அத்தா வேண்டாம் என்றார். அவர் எதற்குத்தான் வேண்டும் என்றார்? காலேஜ் வாசலில் செக்யூரிட்டி, ‘இன்னாம்மா துணிக்குள்ள’ என்றான். ‘ஃபைலுப்பா, ஆபீஸுக்கு’ என்றேன். விட்டுவிட்டான்!

துறைத்தலைவர் விஜயலக்ஷ்மி அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டு, வாத்தியாரைக் கூப்பிட்டு அனுப்பினார். துணியைப் பிரித்து மேசைமேல் வைத்து, ‘சார், இதுக்குத் தமிழ்ல பேர் இன்னா’ என்றேன். மனுஷன் தலையைச் சொறிந்தார். ‘எல்லாம் இங்கிலீஷ்லயே படிச்சிட்டேம்மா, இது வந்து, ராவுற கம்பி’ என்றார். ‘அப்போ சாருக்கும் மெஷின் வேணாம் மேடம், ஒரு ரெக்கார்டு நோட்டு குடுங்க’ என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. பாவம், கடைசியில் வாத்தியாரும் சிரித்தார்.

அன்றே ரூபீனா கையில் அரம் வந்தது. அவள் ராவிய இரும்புத் தகட்டில் வாத்தியார் மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாராம், இடையில் ஒரு கீற்றுகூடப் புகவில்லை, அவ்வளவு நேர். ‘யாரு கத்துக் குடுத்தது’ என்றாராம். ‘எங்கம்மா’ என்றாளாம். எந்த மெக்கானிக்கும் சொல்லித்தராமல், அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தே கற்றவள் நான். ‘எங்கம்மா’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பத்து காலேஜ் படியேறுவேன்.

உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ‘நானும் இன்ஜினியரிங்ல ரெண்டு வருஷம் பசங்களுக்கு ரெக்கார்டு எழுதினேம்மா’ என்று நேற்று போனில் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். அப்போதே சொல்லியிருந்தால் அப்போதே பஸ் ஏறியிருப்பேனே.

தலைக்குக் கம்பளித் துணி கட்டிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, என் துஆ எப்போதும் உன்னோடு இருக்கும். ஆனால் விஷயம் முடியவில்லை. தமிழில் படித்து வந்தவர்கள் அந்த வகுப்பில் இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள், ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஆகையால் கதிரேசன் சார் ஒவ்வொரு கருவியின் பேரையும் இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். விஜயலக்ஷ்மி அம்மா பதினொரு பேரையும் மெஷின் முன்னால் நிறுத்த வேண்டும். அந்த நான்கு பையன்கள் தங்கள் நோட்டைத் தாங்களே எழுத வேண்டும். ரூபீனா பி.காம். பேச்சை எடுக்கக் கூடாது. நீ சனிக்கிழமை வீடியோவில் வந்து, அந்தப் பிள்ளைகளிடம் உன் இரண்டு வருஷத்தைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். நான் புது அரம் வாங்க வேண்டும். பழையதை, ‘ஃபைல் – அரம்’ என்று பேரெழுதி ஒட்டி, சார் மேசையிலேயே விட்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்கார அம்மா
ஹாஜிரா பீ