பதிலுக்கு ஒன்று

மாப்ளே,

இன்று காலையில் அச்சு மெஷினில் ஒரு போஸ்டர் ஏற்றினேன். மை காயாத முதல் தாளை உருவிப் பார்த்தால் நீலக் கடலில் வரிசையாகப் போர்க்கப்பல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு நாட்டுக் கொடி. ஒரே கடலைச் சுற்றியிருக்கிற நாடுகளெல்லாம் கூடி மாநாடு போடுகிறார்களாம், பாதுகாப்புக்கு. 'ஒரே கடல், ஒரே காவல்' என்று மஞ்சளில் கொட்டை எழுத்து. அது போதாதென்று டிசைன் போட்ட மகராசன் கப்பல்களுக்கு மேலே வாணவேடிக்கையையும் பூக்க விட்டிருக்கிறான், பச்சையும் தங்கமுமாக. மெஷினை நிறுத்திவிட்டுப் போய் முகத்தைக் கழுவினேன்.

"என்னய்யா, கலர் விலகுதா?" என்றார் மொதலாளி.

"அதெல்லாம் விலகல. எல்லாம் ஒத்துமையாத்தான் இருக்கு" என்றேன். அவருக்கு என்ன புரியும்? கழித்துப்போட்ட ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதன் முதுகில்தான் இதை எழுதுகிறேன்.

சாத்தூர் ரோட்டுப் பட்டாசுக் கம்பெனியில் நீ பேன்சி வெடி கட்டிக்கொண்டிருந்த காலம் நினைவிருக்கிறதா? பொழுது சாய்ந்தால் டெஸ்ட்டுக்கு ஒன்று மேலே விடுவீர்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து பதிலுக்கு ஒன்று கிளம்பும். இரண்டு மொதலாளிகளுக்கும் முகம் பார்த்துப் பேச்சில்லை. ஒருத்தர் ஆர்டரை ஒருத்தர் கெடுக்கிறவர்கள். ஆனாலும் அந்தப் பதில் மட்டும் தவறாது. "எதுக்குலே இந்த வீண் செலவு?" என்று கேட்டேன். "செலவா? நான் இங்கன உசுரோட இருக்கேன், நீ அங்கன இருக்கியான்னு கேக்கோம் மச்சான். பதில் வந்தா நிம்மதியா வீட்டுக்குப் போலாம்ல" என்றாய்.

ஒருநாள் நீ விட்டதற்குப் பதில் வரவில்லை. இன்னொன்று விட்டாய். அதற்கும் இல்லை. சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடையில் இறங்கி ஓடினாய். உன் பின்னாலேயே உன் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். அங்கே வெடிமருந்து அறை ஒன்று சரிந்து கிடந்தது. நீங்கள் இழுத்துப்போட்டவர்கள் இன்றைக்கும் நடமாடுகிறார்கள், ஒருத்தர் பஜாரில் டீக்கடை வைத்திருக்கிறார். யாருடைய எல்லை, யாருடைய கம்பெனி என்று அன்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அதோடு என் தங்கச்சி உன்னைப் பிடித்துக்கொண்டாள். "வெடிமருந்து வேலைக்கு இனிமே போனா நான் அரளி விதைய அரைச்சுக் குடிச்சிருவேன்" என்று ஒரே அழுகை. நீ தூத்துக்குடியில் ஆள் பிடித்து இழுவைக் கப்பலில் ஏறினாய். "கடல்ல தீப்பிடிக்காது மச்சான்" என்று சிரித்தாய். பாவி, அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தத் தீபாவளிக்கு உனக்கு லீவு இல்லை. கப்பல்காரர்களுக்கு ஊர்ச் சரக்கைக் காட்ட வேண்டும் என்று ஒரு பெட்டி வெடி வாங்கிப் பைக்குள் ஒளித்து எடுத்துப் போனாய். மற்றதெல்லாம் உன்னோடு இருந்த தூத்துக்குடிச் சமையல்காரர் சொல்லித்தான் தெரியும். கப்பல் மூழ்கிய மறுநாள் மீன்பிடிப் படகு ஒன்று கண்டெடுத்தது அவரை மட்டும்தான். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்:

"கப்பலுக்குள்ள தண்ணி ஏறிருச்சு. ரேடியோ செத்துப்போச்சு. ஆபத்துன்னு காட்டுத செவப்பு மத்தாப்பு இருந்துச்சு, எல்லாம் நமுத்துப்போய்க் கெடந்துச்சு. அந்நேரம் தூரத்துல ஒரு போர்க்கப்பல் தெரியுது. உங்க மாப்ள தீவாளிப் பெட்டிய ஒடைச்சு விட்டாரு பாருங்க, வானமே பூத்துப்போச்சு. அந்தக் கப்பல்லருந்து நீளமா ஒரு ஹாரன் வந்துச்சு. 'பதில் வந்துருச்சுண்ணே, கண்டுட்டாக, இனி வந்துருவாக'ன்னு குதிச்சாரு. மிச்ச வெடிய நனையாம தார்ப்பாய்ல சுத்தி வச்சாரு. ஏம்பா, அதையும் விடேன்னேன். 'வாரவுகளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா, அவுக வந்ததும் விடுவோம்'னாரு."

வரவில்லை. அவர்கள் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள்.

மூன்று நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து நடத்திய கூட்டுப் பயிற்சி முடிந்து திரும்பிய கப்பலாம் அது. கப்பல் கம்பெனி ஆபீசில் விளக்கம் சொன்னார்கள். சின்னக் கப்பலில் தீபாவளி கொண்டாடுகிறார்கள் என்று நினைத்து, வாழ்த்துச் சொல்லி ஹாரன் அடித்தார்களாம். கடலில் தத்தளிக்கிறவனைத் தூக்குவதும் அந்தப் பயிற்சியில் ஒரு பாடமாம். ஒரு பொம்மையைத் தண்ணீரில் போட்டு, மூன்று நாட்டுக்காரர்களும் கைகோத்துத் தூக்கிக் காட்டினார்களாம். அடப்பாவிகளா! பொம்மைக்கு நீட்டிய கை உனக்கு நீளவில்லையே மாப்ளே.

பிறகு உன்னைத் தேடச் சொல்லி நாங்கள் ஏறி இறங்காத வாசல் இல்லை. எங்கள் எல்லை அதற்கு முன்னாலேயே முடிகிறது என்றது ஒரு நாடு. எங்களுடையது அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது என்றது இன்னொன்று. நாங்கள் பயிற்சிக்கு வந்த விருந்தாளிகள் என்றது மூன்றாவது. எல்லாரும் சேர்ந்து காவல் காக்கிற கடலில் உன் சாவு மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. உடல் கிடைக்காமல் செத்ததாக எழுதித்தர மாட்டோம் என்கிறார்கள் இங்கே. என் தங்கச்சி தாலியைக் கழற்றவும் இல்லை, நிம்மதியாகப் போட்டிருக்கவும் இல்லை. விசேஷ வீடுகளில் அவளுக்குக் குங்குமம் கொடுக்கலாமா வேண்டாமா என்று தட்டோடு நின்று முழிக்கிறார்கள். இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனேன், மாரியம்மன் முன்னால் நின்று ஒன்றும் வேண்டிக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டாள். "என்னத்தன்னு கேக்க? வரணும்னா, போய்ச் சேந்துட்டாகன்னா?" என்றாள்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். எவனோ ஹாரன் அடித்தால் அது பதிலா? நம் ஊர் வழக்கத்தை நடுக்கடலில் போய் எவன்கிட்ட எதிர்பார்த்தாய்? மிச்ச வெடியையும் விட்டுத் தொலைத்திருக்கலாமே!

போஸ்டரை அடித்து முடித்துவிட்டேன். கிழித்து வீசிவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொழப்பு அப்படி. லோடு மத்தியானமே ஏறிவிட்டது. நகக்கண்ணில் இன்னும் அந்த நீலம் இருக்கிறது.

இங்கே பொழுது சாய்ந்தால் இப்போதும் டெஸ்ட் விடுகிறார்கள். பதிலுக்கு விடுகிற வழக்கம் சில நாள் உண்டு, சில நாள் இல்லை. ஒன்று மேலே போனால் உன் பொண்டாட்டி வாசலுக்கு வந்துவிடுவாள். வானத்தைப் பார்ப்பதில்லை, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். பதில் வந்தால் உள்ளே போய் உலை வைப்பாள். வராவிட்டால், "அண்ணே, பதில் வரல, போய்ப் பாத்துட்டு வா" என்பாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பதில் விடாத கம்பெனியின் வாசல் வரைக்கும் போவேன். "இன்னைக்கும் வந்துட்டீகளா? எல்லாரும் நல்லாத்தான்யா இருக்கோம்" என்று வாட்ச்மேன் சலித்துக்கொள்வார். திரும்பி வந்து அவளிடம் அதையே சொல்வேன். அதற்கப்புறம்தான் அவள் சோறு வடிப்பாள்.

இப்போது ஒன்று வெடித்தது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பதில் இல்லை. வாசலிலிருந்து அவள் கூப்பிடுகிறாள்.

போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் மாப்ளே.