தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

தாம்பரம்,
30-11-1973

பிரியமுள்ள அத்தானுக்கு பியூலா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் சரோஜினியும் உயிரோடு இருக்கிறோம். டெல்லியில் குளிர் அதிகமா? பயிற்சி எப்படிப் போகிறது? கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

உயிரோடு என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை குழந்தையைப் பள்ளிக்கூடம் அழைத்துப் போனேன். ஸ்டேஷனை ஒட்டி வீடு கட்டினால் ஜனங்கள் நடந்தே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளலாம் என்று நீங்கள் பிளான் போட்ட குடியிருப்பு இது. மின்சார ரயில் பக்கம்தான். ஆனால் பள்ளிக்கூடமும் மார்க்கெட்டும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எல்லாரையும் போல நாங்களும் குறுக்கே இறங்கித்தான் போகிறோம். அன்றைக்கு நடுவழியில் சரோஜினியின் செருப்பு ஜல்லியில் மாட்டிக்கொண்டது. என் கையை உதறிவிட்டு அதை எடுக்கக் குனிந்தாள். செங்கல்பட்டு வண்டி வந்துவிட்டது. எனக்குக் கால் நகரவில்லை, அத்தான்.

எதிரே வந்த மீன்காரி கன்னியம்மாதான் கூடையைப் போட்டுவிட்டுக் குழந்தையை இழுத்தாள். வண்டி போனதும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “இன்னாமா, மரம் மாதிரி நின்னுகினு கீறே? இங்க வூடு கட்னவன் புள்ளைங்க எப்டி போவும்னு ரோசனை பண்லியா?” என்று கத்தினாள். கட்டியது யார் என்று நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ரயில் ஊதினாலே குழந்தை கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். ஜன்னல் அதிரும்போதெல்லாம் நானும் குழந்தை எங்கே என்று ஓடிப் பார்க்கிறேன். இப்போது நான்காவது பிளாக்கிலும் குடிவருகிறார்கள். எல்லார் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள்.

நேற்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து தண்டவாளத்துக்கு மேலே நடைபாலம் கேட்டு உங்கள் ஆபீசுக்குப் போனோம். உங்கள் மேலதிகாரி தேவானந்தம் சார் மரியாதையாகத்தான் பேசினார். மற்றவர்கள் வெளியே போனதும் என்னிடம் தணிந்த குரலில், “பாலம் முதல்ல பிளான்ல இருந்ததும்மா. செலவு தாங்காதுன்னு எடுத்துட்டோம். நீங்க குடிவர்றதுக்கு முன்னாலயே ஜெபசீலனுக்குத் தெரியுமே, வீட்ல சொல்லலியா?” என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். படி இறங்கும்போது பக்கத்து வீட்டு அம்மணி அக்கா, “உங்க வூட்டுக்காரர் வந்தா பாலம் வந்துடும் இல்ல?” என்று கேட்டார். வரும் என்று சொன்னேன்.

தேவானந்தம் சாருக்கு வயதாகிறது. ஒன்றை வேறொன்றாக நினைத்துக்கொண்டு பேசியிருப்பார். உங்களுக்குத் தெரியாது என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள், அத்தான். நான் நம்பிக்கொள்கிறேன்.

கர்த்தர் உங்களைக் கண்மணியைப் போலக் காக்க ஜெபிக்கும்,
பியூலா