ரோமன் கோயிலுக்குப் போகிற தம்பிக்கு

கிருபாபுரம்,
சித்தூர் தாலுகா.
1934 ஜூன் 11, திங்கட்கிழமை.

அன்புள்ள தம்பி சத்தியநாதனுக்கு, ஆண்டவருடைய கிருபையை வேண்டி அக்காள் ஜெபமணி எழுதுவது.

நீயும் கிருபாவதியும் ரேணிகுண்டாவில் சுகமென்று உன் கடிதத்தின் முதல் வரியில் கண்டு சந்தோஷப்பட்டேன். இரண்டாவது வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சுகமில்லை. ஆகஸ்டு பதினைந்தாம் தேதி, மாதா திருநாளன்று, நீங்கள் இருவரும் ரோமன் கத்தோலிக்க சபையில் சேரப்போகிறீர்களாம். நைனாவைக் கூட்டிக்கொண்டு நானும் வந்து சேர்ந்துவிட வேண்டுமாம். என்ஜின் ஷெட்டில் வேலை பார்க்கிறவன் குண்டக்கல்லுக்கு மாற்றல் வாங்குவதைப் போலல்லவா எழுதியிருக்கிறாய்!

நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணை மூடிக்கொண்டு, "போனா போகட்டும்மா. அங்கியும் இயேசுசாமிதான இருக்காரு?" என்றார். புத்தலப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலெல்லாம் நாற்பது வருஷம் உபதேசியாராக நடந்து காலைத் தேய்த்துக்கொண்டவர் பேசுகிற பேச்சா இது? அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

உங்கள் ஊர்ச் சாமியார் நல்லவர் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். கிருபாவதி விஷக்காய்ச்சலில் கிடந்தபோது திருப்பதியிலிருந்து டாக்டரை வண்டி வைத்து அழைத்து வந்தவர் அவர்தான். அந்த நன்றி எனக்கும் உண்டு. தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன். ஆனால் ஒருவர் நல்லவர் என்பதற்காக விசுவாசத்தை மாற்றுவதென்றால், உன் ஷெட்டு மேஸ்திரி கோவர்த்தனனும் நல்லவர்தான். அவர் திருமலைக்குப் போய் மொட்டை போடுகிறார். நீயும் போடுவாயா?

அடுத்ததாக நீ எழுதியிருப்பதுதான் என் வயிற்றை எரிக்கிறது. அங்கே பூசையில் ஜனங்களுக்கு அப்பம் மட்டும்தான், திராட்சரசத்தைச் சாமியார் ஒருவரே குடிப்பார், ஆகையால் பாத்திரத்தைப் பற்றிச் சண்டையே வராது என்கிறாய். அடே தம்பி! எல்லாரும் குடியுங்கள் என்று ஆண்டவர் தம் கையால் கொடுத்த பாத்திரம் அது. உன் மனைவி குடித்த பின் அதில் குடிக்கமாட்டேன் என்று ஒரு சுந்தரம்மா சொன்னதற்காக, யாருக்குமே இல்லாத இடத்துக்குப் போவது ரோஷமா? அவள் அரைக் கதவைச் சாத்தினாள். நீ முழுக் கதவையும் சாத்திக்கொண்டு போகிறாய்.

ஈஸ்டர் ஞாயிறன்று நடந்ததை நான் மறக்கவில்லை. சாந்திபுரத்திலிருந்து நம் வீட்டுக்கு வாழ வந்த பெண், புதுச்சேலை கட்டிக்கொண்டு முதன்முதலாக இராப்போஜனத்துக்கு வந்து முழங்காலிட்டாள். அவள் குடித்துவிட்டுப் பாத்திரத்தை நீட்டியதும், மூப்பர் இயேசுதாசனின் சம்சாரம் சுந்தரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முனிசாமி பொண்ணு வாய் வச்சதுல நான் வாய் வைக்கணுமா? அவ நைனா இன்னும் ரெட்டி ஊட்டுல மாடு மேய்ச்சிக்கினு இருக்காரு" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். தாது வருஷப் பஞ்சத்தில் சுந்தரம்மாவின் பாட்டனும் நம் பாட்டனும் மிஷன் கஞ்சித்தொட்டியில் ஒரே கொட்டாங்கச்சியில் குடித்தவர்கள். பின் எந்தச் சீமையிலிருந்து வந்து இறங்கியது இந்தப் பெரிய சாதி?

நீ கிருபாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாய். போகும்போது திரும்பி நம் பெஞ்சைப் பார்த்தாய். நைனா உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் முப்பது பெண்பிள்ளைகளுக்கு நல்ல சமாரியன் கதை சொல்லிக்கொடுக்கிற நான், என் தம்பி மனைவிக்காக எழுந்திருக்கவில்லை. நீ இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமலிருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. போனா போகட்டும் என்று நைனா ஏன் சொன்னார் என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ரோமன் சபையில் சாதி இல்லை என்று வேறு எழுதியிருக்கிறாய். சித்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற சுந்தரி பிறவிக் கத்தோலிக்கப் பெண். அவளைப் போய்க் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "எங்க ஊர்க் கோயிலுக்கு வந்து பாருங்கக்கா, நடுவுல கிராதி போட்டு வச்சிக்கினு இருக்காங்க. சேரி ஜனம் அந்தாண்ட, நாங்க இந்தாண்ட" என்றாள். அங்கே கிராதி, இங்கே பாத்திரம். மரத்துக்கும் வெள்ளிக்கும்தான் வித்தியாசம். இதற்குப் பயந்து ஓடினால் எத்தனை சபைக்கு ஓடுவாய்?

இனி நீ அறியாத சேதி. ஈஸ்டருக்குப் பின் மூப்பர், சமாதானத்துக்காக இரண்டு பாத்திரம் வைத்துவிடலாம் என்றார். போதகர் ஐயா தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த ஜூன் மூன்றாம் தேதி இராப்போஜனத்தில் மேஜைமேல் இரண்டு இருந்தன. ஒன்று நம் பழைய வெள்ளிப் பாத்திரம். மற்றது கிருபாவதியைப் போன்றவர்களுக்கென்று வைத்த பித்தளை லோட்டா. எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. யாரும் எழுவதற்குமுன் நான் எழுந்து போய், லோட்டாவிலிருந்த ரசத்தையும் வெள்ளிப் பாத்திரத்திலேயே ஊற்றினேன். ஊற்றிய வேகத்தில் மேஜைத் துணியெல்லாம் சிவப்பாகிவிட்டது. ஐயா, இப்போது ஒன்றுதான் இருக்கிறது, கொடுங்கள் என்றேன்.

சுந்தரம்மா எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் ஐந்து குடும்பங்கள் போயின. கோயில் பெருக்குகிற கன்னியம்மாள் வாசற்படியண்டையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டாள். "எத்தினி வருசமா பெருக்கிக்கினு கீறேன், எனக்கு வரச்சொல்லோ அடியில ஒரு சொட்டு இருக்கும். இன்னிக்குத்தான் ரொம்பி இருக்கிறத பாக்குறேன். குடுங்க சாமி" என்றாள். ஐயா அழுதுகொண்டே முதலில் அவளுக்குக் கொடுத்தார். மூன்றாவதாக நைனா கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். மற்றவர்கள் பெஞ்சைவிட்டு அசையவில்லை.

மிஷன் பள்ளிக்கூட மேனேஜரிடமிருந்து வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பரிசுத்த மேஜையின் ஒழுங்கைக் கெடுத்ததற்காக ஆகஸ்டு ஐந்தாம் தேதி இராப்போஜனத்தில் சபைமுன் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. மன்னிப்பா? கேட்கமாட்டேன் என்று அன்றே எழுதிவிட்டேன்.

இப்போது சொல்கிறேன் கேள். ஆகஸ்டு ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. உன் மாதா திருநாளுக்குப் பத்து நாள் முன்னால். ஒரு நாள் லீவு எழுதிப்போட்டு கிருபாவதியைக் கூட்டிக்கொண்டு வா. அன்று என் பக்கத்தில் அவள் முழங்காலிடட்டும். அவள் குடித்த பின் நான் குடிக்கிறேன். வர மனமில்லை என்று அவள் சொன்னால் வற்புறுத்தாதே. அந்தக் கோயிலுக்குள் மறுபடி கால் வைக்க அவளுக்கு என்ன கடன்? என் நாவால் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அவளிடம்தான், அதை இந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்கிறேன், வாசித்துக் காட்டு.

அதற்குப் பிறகும் ரோமன் சபைதான் உனக்குச் சத்தியம் என்று பட்டால், போ. அவமானத்தால் போகாதே, விசுவாசத்தால் போ. நானே ரேணிகுண்டாவுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். நான் மட்டும் மாறமாட்டேன். இது என் வீடு. வீட்டில் குப்பை சேர்ந்தால் பெருக்குவேன், குடிபோகமாட்டேன்.

நைனாவுக்கு இருமல் குறையவில்லை. நேற்றும் ஆராதனைக்கு அவரால் வரமுடியவில்லை. நான் தனியாகப் போனேன். நம் பெஞ்சில் என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை. இதை உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

நம்மைத் தம் இரத்தத்தால் ஒன்றாக்கினவர் உன்னையும் கிருபாவதியையும் எந்தக் கூரையின்கீழ் இருந்தாலும் கைவிடாமல் காப்பாராக. ஆகஸ்டு நாலாம் தேதி சனிக்கிழமை சாயங்கால வண்டிக்கு நான் சித்தூர் ஸ்டேஷனில் வந்து நிற்பேன்.

உன் அக்காள்,
ஜெபமணி