மருதைக்கும் ஊசி போட்டாயிற்று

அக்காவை விழுந்து கும்பிட்டு மோரீசிலிருந்து தம்பி ஏகாம்பரம் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இங்கே என்னைக் கேட்காமல் துரை ஒரு கரும்பு வெட்டுவதில்லை.

உன் மகள் கோவிந்தம்மா மறுபடி உண்டாகியிருக்கிறாள். முந்தின இரண்டும் தங்காதது மேகவியாதியால்தானாம். அவளோடு புருஷனுக்கும் ஊசி வேண்டும் என்றார் மோகா ஊர் டாக்டர்.

"பொம்பளை சீக்குக்கு எனக்கெதுக்கு ஊசி, மாமா?" என்றான் மருதை.

"நீ அவளுக்குக் குடுத்த சீருடா இது" என்று அவனைத் தோளில் தூக்கிப் போனேன். டாக்டரே எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

இப்போது பிள்ளை நன்றாக உதைக்கிறது. சின்னதில் என்னைத் தூளியில் ஆட்டினாயே, அந்தப் பச்சைச் சேலையை அனுப்பு. அதன் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. முன்பு நீ தூளிக்கு அனுப்பிய இரண்டு சேலைகளும் குழந்தைகளோடேயே மண்ணுக்குள் போய்விட்டன.

தபால் கிளம்புகிறது. இந்தத் தூளியை நானே கட்டி, மோரீசு முழுக்கக் கேட்கத் தாலாட்டுவேன்.