மைனஸ் இருபது

இன்று காலை நிரப்பு மேஜைக்கு அடியில் கிடந்த பழைய கேனைத் திறந்தேன். மெத்தனால் நெடி மூக்கில் ஏறியதும் உன் துப்பட்டா ஞாபகம் வந்தது. ஷிப்ட் முடிந்து அதை உதறிப் போட்டுக்கொள்வாய். இதே நெடி பஸ் ஸ்டாப் வரைக்கும் நம்மோடு வரும்.

இருவரும் ஒரே மாதம் சேர்ந்தோம். பர்கூரில் இன்ஜினியரிங் முடித்த நான் கண்ணாடி அறைக்குள். அஞ்செட்டியிலிருந்து வந்த நீ ஒப்பந்தத் தொழிலாளியாக மேஜையில். மின்சாரப் பெட்டிகளின் சூட்டைத் தணிக்கும் செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் திரவம் ஏற்றி, காற்றை உறிஞ்சி, வாயை அடைப்பது உன் வேலை. சூடான முனையில் அது ஆவியாகும், மறுமுனைக்கு ஓடிச் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பும். எந்தத் திரவம் என்று அட்டவணை போட்டுத் தேர்ந்தெடுப்பது என் வேலை.

அட்டவணையில் தண்ணீர்தான் முதலில் நின்றது. மெத்தனாலைவிட இரண்டு மடங்கு சூட்டைச் சுமக்கும். ஆனால் வாடிக்கையாளரின் வரைபடத்தில் ஒரு வரி இருந்தது: மைனஸ் இருபது டிகிரியிலும் உறையக் கூடாது. மெத்தனால் என்று எழுதினேன்.

“ஏ இஞ்சினியரம்மா, தண்ணி ஊத்துனா ஆவாதா? இது தலையப் புடிச்சி இழுக்குது.”

“உறைஞ்சிடும்டி.”

“ஓசூர்லயா? மார்கழியிலகூட எங்கூரு மாட்டுத் தொட்டி உறையல. எவன் ஊட்டுப் பொட்டிக்கு இது? கேளேன்.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. வேலை நிரந்தரமாகாத சமயம், பயம். மேஜைக்கு மேலிருந்த காற்றுறிஞ்சி விசிறி நின்று வாரக்கணக்காகியிருந்தது. “கான்ட்ராக்ட் ஆளுங்கதானே, மாத்தி மாத்தி உக்கார வைங்க” என்றார் மேலாளர். உன்னை மட்டும் மாற்றவே இல்லை. உன் கை சிந்தாதாம்.

பிறகு கண். மெத்தனால் ஆவி முதலில் பறிப்பது அதைத்தான். “எல்லாம் வெள்ளையா தெரியுது புள்ள, பாலை ஊத்துன மாதிரி.” டாக்டரிடம் போ என்றேன். லீவு போட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள் என்றாய். மறுநாள் மூன்று மணிக்கு, நல்ல வெயிலில், கேட்டுக்கு வெளியே சாலையைக் கடந்தாய். லாரி ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தது.

‘கவனிக்காமல் கடந்தார்’ என்று போலீசில் எழுதினார்கள். கம்பெனிக்கு அந்த இரண்டு சொல் போதும். கண் தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று அதே வாடிக்கையாளரின் புது ஆர்டர். அதே வரி. “போன தடவை போட்டதையே போடும்மா, எதுக்கு வம்பு?” என்றார் மேலாளர். அவரைத் தாண்டி வாடிக்கையாளருக்கு எழுதினேன்: இந்தப் பெட்டி எங்கே நிற்கும்?

சாப்பாட்டு மணிக்கு முன்பே பதில் வந்துவிட்டது. ‘கிருஷ்ணகிரியில், எங்கள் ஆலைக்குள். மைனஸ் இருபது பழைய வெளிநாட்டு வரைபடத்திலிருந்து வந்த வரி. எடுத்துவிடுங்கள்.’

அவ்வளவுதான். நீ கேட்கச் சொன்ன அதே கேள்வி.

அட்டவணையில் தண்ணீர் என்று எழுதினேன். கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன்: ஊற்றுகிறவருக்கு என்ன ஆகும்? “அத எடுத்துடும்மா” என்றார் மேலாளர். எடுக்கவில்லை. இனி எந்த அட்டவணையிலும் எடுக்க மாட்டேன்.

உன் இடத்தில் இப்போது தளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. மதியம் மாதிரிக் குழாய்களை நிரப்பும்போது குனிந்து மோந்து பார்த்தாள்.

“என்னாக்கா, வாசனையே இல்ல?”

“தண்ணிதான்” என்றேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல்.