என் ஒப்பாரியை எதிரி நாட்டின் ஓலமாக்கியது பற்றி

அனுப்புநர்:
முப்பிடாதியம்மாள்,
க/பெ கணேசபாண்டியன்,
தாராவி, மும்பை – 17.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு, மும்பை.

பொருள்: கைபேசி விளையாட்டு ஒன்றிலிருந்து என் குரலையும் இறந்துபோன என் தம்பியின் பெயரையும் நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். எனக்குத் தமிழில்தான் எழுத வரும். என் மகளின் தோழி ஸ்மிதா எழுதிய மராத்தி மொழிபெயர்ப்பை இத்துடன் இணைத்துள்ளேன்.

1. சென்ற மாதம் எங்கள் வரிசையில் வசித்த மாடத்தி அக்கா காலமானார். வழக்கம்போல் என்னை அழைத்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியில் முதல் அடியை எடுத்ததும் வாசலில் நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். "ஏய், காலிகாடி கெழவிடா!" என்றான் ஒருவன். "கொளுத்துடா" என்றான் இன்னொருவன். அக்காவின் மகன் என்னைத்தான் முறைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்தேன். சாவு வீட்டில் நான் அப்படிச் செய்ததே இல்லை.

2. அன்று மாலை என் மகள் மாரீஸ்வரி அந்த விளையாட்டைக் காட்டினாள். அதில் ஆற்றுக்கு வடக்கே வீரர்களின் நாடு. அகன்ற தெருக்கள், தோட்டங்கள், வெள்ளைக் கோபுரங்கள். தெற்கே எதிரி நாடு, அதன் பெயர்தான் காலிகாடி, கறுப்பு ஓடை என்று அர்த்தமாம். கறுத்த ஓடை, சதுப்புக் காடு, தகரக் கூரைகள், இருவர் சேர்ந்து நடக்க முடியாத சந்துகள், புகை கக்கும் சூளைகள். அங்கே வாழ்பவர்கள் தோல் உரிப்போர், சூளை எரிப்போர், ஓலமிடும் பெண்கள். "இவர்கள் பிறவிப் பகைவர்கள், இரக்கம் அறியாதவர்கள்" என்று எழுதியிருப்பதாக மகள் வாசித்துச் சொன்னாள். எங்கள் தண்ணீர்க் குழாய் மூலை, அங்கே கட்டிய நீலத் தார்ப்பாய் உட்பட, அப்படியே இருக்கிறது.

வீரன் ஒரு குடிசைக்குத் தீ வைத்ததும் உள்ளே ஒரு பெண் அழுகிறாள். "ஏ பூதத்தானே, என் ராசா, எங்கய்யா போன?" அது என் குரல், ஐயா. பூதத்தான் என் தம்பி. ஒரு கட்டடத்தின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சடைத்துச் செத்தவன். குடிசைக்குக் குடிசை அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். என் கணவர் கைபேசியைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த பிறகும் குரல் நிற்கவில்லை.

3. சென்ற ஆண்டு மாதுங்காவிலிருந்து நகுல் என்ற தமிழ்ப் பையன் வந்து என் பாட்டைப் பதிவு செய்தார். "ஒரு கதைக்கு வேணும்மா, கேக்கறவா மனசு உருகணும்" என்றார். அதனால் தம்பியை நினைத்துப் பாடினேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

4. நானும் கணவரும் அந்த விளையாட்டைத் தயாரித்த, நகுல் வேலை செய்யும் நிறுவனத்துக்கே போனோம். "வெறும் கேம்தானேம்மா. கதைன்னா எதிரி நாடு ஒண்ணு வேணுமோல்லியோ" என்றார் நகுல். "அதுக்கு எங்க தெருதான் கெடச்சுதாக்கும், தம்பி?" என்று என் கணவர் கேட்டார். தம்பியின் பெயரைப் பற்றி நான் கேட்டபோது நகுலின் முகம் வெளுத்தது. "அது ஒரு பேரா? பூதத்தைக் கூப்பிடறேள்னுன்னா நெனச்சேன்!" என்றார்.

அதனால்தான் விளையாட்டில் என் குரல் கேட்டதும் ஓடைச் சேற்றிலிருந்து கறுப்பாக ஒரு பேய் எழுந்து வருகிறது. வீரன் அதை வெட்டுகிறான். என் தம்பியைத் தொட்டியிலிருந்து தூக்கியபோது அவன் உடம்பெல்லாம் சேறாகத்தான் இருந்தது. இதை நான் அவரிடம் சொன்னேன். அவர் தலை குனிந்தார். மேலாளர் வந்து, சம்மதித்துத்தானே பாடினீர்கள் என்று கூறி எங்களை வெளியே அனுப்பிவிட்டார்.

5. சம்மதித்தது உண்மை. செத்தவனுக்கு அழச் சம்மதித்தேன். கொல்கிறவர்களுக்குப் பின்பாட்டுப் பாடச் சம்மதிக்கவில்லை.

ஆகவே என் குரலையும், தம்பியின் பெயரையும், அந்தப் பேயையும், எங்கள் சந்தின் படத்தையும் நீக்கச் செய்து, உரிய விசாரணை நடத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த சந்தில் மூக்காண்டி அண்ணன் சில நாளாகக் கண் திறக்கவில்லை. "நீதான் வந்து அழணும், பாத்துக்கோ" என்று அவர் மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறார். வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணனுக்கு ஏதும் ஆவதற்கு முன்னால் தாங்கள் ஏதாவது செய்ய வேண்டும், ஐயா.

இடம்: தாராவி
நாள்: 12.08.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மு. முப்பிடாதியம்மாள்